தோற்பதற்கு முன்பே எழுந்த புகார்: பிரேசிலில் ஒரு பேச்சு தேர்தல் அமைப்பை என்ன செய்தது?

"தேர்தலில் மோசடி நடக்கிறது என்று ஒரு தலைவர் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டே இருந்தால் தேர்தல் அமைப்புக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகுமா? வாக்கை எண்ணுவது சட்டப்படி நடக்கிற வேலை. பேச்சு வெறும் பேச்சுதானே?" இதுதான் கேள்வி.

ஆகும். எண்ணிக்கைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், எண்ணுகிறவருக்கு நிச்சயம் ஆகும். இதைப் பொதுப்படையாகப் பேசினால் எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற மாதிரியும் எதற்கும் பொருந்தாத மாதிரியும் போய்விடும். அதனால் ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறேன். பிரேசில், அதன் முன்னாள் அதிபர் ஜயிர் பொல்சனாரோ. இதை எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே கடைசியில் தேர்தல் அமைப்புதான் வென்றது. ஆனால் வென்று வெளியே வந்தபோது அது உள்ளே போன அமைப்பாக இல்லை.

முதலில் சொல்லைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வோம். நம் ஊர்ப் பேச்சில் பாப்புலிசம், ஜனரஞ்சக அரசியல் என்றால் இலவச மிக்சி, கிரைண்டர், கடன் தள்ளுபடி என்று அர்த்தம் வந்துவிட்டது. நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. இலவசம் கொடுக்கிற தலைவர் தேர்தல் முடிவுக்குத் தலைவணங்கி வீட்டுக்குப் போகலாம், போயும் இருக்கிறார்கள். இங்கே நான் சொல்வது ஒரு பேச்சு முறையை: "நான்தான் மக்கள். என்னை எதிர்ப்பவர்கள் மக்களை ஏய்க்கும் மேல்தட்டுக் கூட்டம்." இந்தப் பேச்சுக்குள் ஒரு கணக்குச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. நான்தான் மக்கள் என்றால் மக்கள் வாக்களிக்கும் தேர்தலில் நான் எப்படித் தோற்பேன்? தோற்றதாக அறிவித்தால், எண்ணியதில்தான் தில்லுமுல்லு இருக்கவேண்டும். வேறு விளக்கத்துக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. அதனால் இந்த வகைத் தலைவரும் தேர்தல் அமைப்பும் உரசிக்கொள்வது அவரவர் குணத்தால் வருவது மட்டுமல்ல, அந்தப் பேச்சின் தர்க்கமே அங்கேதான் கொண்டுபோய் விடும்.

சரி, பிரேசிலுக்கு வருவோம்.

அங்கே தேர்தலை நடத்துவது ஆணையம் இல்லை, நீதிமன்றம். தேர்தலுக்கென்றே தனியாக ஓர் உச்ச நீதிமன்றம். 1932-இல் உருவானது. 1937-இல் வர்காஸ் சர்வாதிகாரம் அதை மூடியது, 1945-இல் திரும்ப வந்தது. ஏழு நீதிபதிகள். மூவர் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலிருந்து, இருவர் அதற்கு அடுத்த நிலை நீதிமன்றத்திலிருந்து, இருவர் வழக்கறிஞர்கள். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இனி இதைத் தேர்தல் நீதிமன்றம் என்றே சொல்கிறேன். விதிகளை எழுதுவது, இயந்திரங்களைத் தயார்செய்வது, முடிவை அறிவிப்பது, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் இதே நீதிமன்றம்தான். இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் பின்னால் வரும்.

வாக்கு இயந்திரம் 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெரிய நகரங்களில் வந்தது, 2000-இல் நாடு முழுக்கப் பரவியது. அதற்கு முன்னால் காகிதச் சீட்டுக் காலத்தில் நடக்காத திருட்டு இல்லை. முன்கூட்டியே நிரப்பிய சீட்டை ஒருவர் உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வெற்றுச் சீட்டை வெளியே கொண்டுவந்து அடுத்தவருக்குக் கொடுப்பார். எறும்பு வரிசை போல இது தொடரும், பெயரே எறும்பு வாக்குதான். 1994-இல் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் மோசடி அளவுமீறிப் போய், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான வாக்குப்பதிவையே ரத்து செய்து மறுபடி நடத்தினார்கள். அந்த ஆண்டு அதே ரியோவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர்களில் ஒருவர் பொல்சனாரோ.

இயந்திரத்தில் வேட்பாளரின் எண்ணைத் தட்டினால் அவர் படம் வரும், சரியென்றால் பச்சைப் பொத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு பிரேசிலில் வாக்குரிமை கிடைத்ததே 1985-இல்தான். உரிமை கிடைத்தும் காகிதச் சீட்டில் பெயரையோ எண்ணையோ எழுதவேண்டியிருந்ததால் அவர்களில் பலருடைய வாக்கு செல்லாத வாக்காகிக்கொண்டிருந்தது. தாமஸ் ஃபுஜிவாரா என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்து, இயந்திரம் வந்ததும் செல்லாத வாக்குகள் பெருமளவு குறைந்தன, படிப்பு குறைந்தவர்களின் வாக்கு முதல்முறையாக உண்மையில் எண்ணப்பட்டது, அதைத் தொடர்ந்து மாநில அரசுகளின் செலவு சுகாதாரத்தின் பக்கம் நகர்ந்தது என்று காட்டினார். மேல்தட்டின் சதிக்கருவி என்று பின்னாளில் வசைபாடப்பட்ட இயந்திரம் செய்த வேலை இது.

நான் இரண்டு முறை தேர்தல் பணியில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் மாதிரி வாக்குப்பதிவு, ஏஜெண்டுகளின் கையெழுத்து, மாலையில் எத்தனை வாக்கு பதிவானது என்று 17சி படிவத்தை நிரப்பி அவர்கள் கையில் கொடுப்பது எல்லாம் பழக்கம். பிரேசில் நடைமுறையைப் படித்தபோது அதில் பாதி எனக்குத் தெரிந்த வேலையாகவே இருந்தது. அங்கே காலையில் இயந்திரம் ஒரு நீளமான சீட்டை அச்சிடும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் பூஜ்யம் என்று காட்டுகிற சீட்டு. வித்தியாசம் மாலையில்தான். நம் இயந்திரத்துக்கு முத்திரை வைத்து எண்ணும் மையத்துக்கு அனுப்புகிறோம். அங்கே வாக்குப்பதிவு முடிந்த கையோடு இயந்திரமே அந்தச் சாவடியின் முழு முடிவையும் அச்சிட்டுவிடும். அதில் ஒரு பிரதி கதவில் ஒட்டப்படும், கட்சிகளின் ஆட்களுக்கும் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் தரவு தலைநகருக்குப் போகும். இயந்திரம் எந்த நெட்வொர்க்கோடும் இணைந்திருக்காது. ஆக, தலைநகரில் கூட்டலில் யாராவது கை வைத்தால், நாடு முழுக்கக் கதவுகளில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் சீட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கே இல்லாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்குக்கும் தனித்தனி ஒப்புகைச் சீட்டு, அதாவது நம் விவிபாட் மாதிரியான ஏற்பாடு, கிடையாது. அதைக் கேட்பதில் தவறே இல்லை. கணினிப் பாதுகாப்பு அறிந்த பலர் கேட்டிருக்கிறார்கள், பொல்சனாரோவுக்கு வெகுகாலம் முன்பே.

சந்தேகத்தின் முதல் விதையை ஊன்றியதும் அவர் இல்லை. 2014 அதிபர் தேர்தலில் டில்மா ரூசெஃப் 51.64 சதவீதம் வாங்கி மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். நான்கு நாள் கழித்து, தோற்ற ஆயெசியோ நெவெஸின் கட்சி தணிக்கை வேண்டும் என்று மனுப் போட்டது. கோட்டு சூட்டு போட்ட, பழம்பெரும் மையவாதக் கட்சி அது. ஓராண்டு தணிக்கை செய்து மோசடிக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். ஆனால் மனுப் போட்டது தலைப்புச் செய்தி, ஒன்றும் கிடைக்காதது உள்பக்கச் செய்தி. ஜனரஞ்சகத் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கதவைத் திறந்து வைத்தது பெரும்பாலும் நாகரிகமான ஆட்கள்தான்.

அந்தக் கதவு வழியாகத்தான் பொல்சனாரோ வந்தார். 2015-இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது அச்சுச் சீட்டுக்கு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது, உச்ச நீதிமன்றம் 2018-இல் நிறுத்திவைத்தது. அங்கே முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால் முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று நடக்கும். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் முதல் சுற்றில் 46 சதவீதம், இரண்டாம் சுற்றில் 55 சதவீதம் வாங்கி வென்றார். சாதாரணமாக வென்றவர் வாயை மூடிக்கொள்வார். இவர் மூடவில்லை. 2020 மார்ச்சில் மியாமியில் பேசும்போது, தான் முதல் சுற்றிலேயே வென்றுவிட்டதாகவும் அதற்கு ஆதாரம் கையில் இருப்பதாகவும் சொன்னார். ஆதாரம் வரவே இல்லை. வென்றவர் ஏன் குறைசொல்ல வேண்டும் என்று அன்று பலர் சிரித்தார்கள். அது அடுத்த தேர்தலுக்கான முன்பதிவு என்று பிறகுதான் புரிந்தது.

2021 ஜூலையில் பேச்சு வேகமெடுத்தது. சுத்தமான தேர்தல் நடக்கவேண்டும், இல்லையென்றால் தேர்தலே நடக்காது என்றார். மாதக் கடைசியில் ஆதாரத்தைக் காட்டுகிறேன் என்று நேரலை வைத்தார். இணையத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த, ஏற்கெனவே மறுக்கப்பட்ட காணொளிகளைப் போட்டுக்காட்டிவிட்டு, மோசடி நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ நிரூபிக்க வழியில்லை என்றார். இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு புகார் சொன்னவர் தோளிலிருந்து இறங்கித் தேர்தல் நீதிமன்றத்தின் தோளில் ஏறிவிட்டது. இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? எத்தனை முறை விளக்கினாலும், இவ்வளவு விளக்கம் ஏன் கொடுக்கிறார்கள் என்று அடுத்த சந்தேகம் வரும்.

ஆகஸ்ட் 10 அன்று அச்சுச் சீட்டுக்கான அரசியல் சட்டத் திருத்தம் கீழவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. அன்று காலையில் அதிபர் மாளிகை முன்னால் கவச வாகன அணிவகுப்பு. ஒரு வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு போனதைத்தான் நாடே பேசியது. 308 வாக்கு தேவை, கிடைத்தது 229. எதிர்த்து 218. தீர்மானம் தோற்றது, ஆனால் ஆதரவு வாக்கு எதிர்ப்பைவிட அதிகம். நாடாளுமன்றமே பாதிக்கு மேல் சந்தேகப்படுகிறது என்று சொல்லிக்கொள்ள அந்த எண் போதும்.

இனி கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பேச்சு அமைப்பை எப்படி மாற்றியது? தேர்தல் நீதிமன்றம் இரண்டு வழிகளில் பதில் சொன்னது. இரண்டுமே அதற்கு விலை வைத்தன.

முதல் வழி, சமாதானம் செய்வது. அப்போது தலைவராக இருந்த லூயிஸ் ரோபெர்டோ பரோசோ, 2021 செப்டம்பரில் தேர்தல் வெளிப்படைத்தன்மைக் குழு ஒன்றை அமைத்து, அதில் ராணுவத்துக்கும் ஓர் இருக்கை கொடுத்தார். நோக்கம் நல்லதுதான். உள்ளே வந்து பாருங்கள், பார்த்தால் திருப்தி அடைவீர்கள் என்ற கணக்கு. நடந்தது வேறு. ராணுவம் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பியது, அதன் ஒவ்வொரு கடிதமும் பொல்சனாரோவின் அடுத்த உரைக்குத் தீனியானது. 1964 முதல் 1985 வரை ராணுவம் ஆண்ட நாடு அது. வாக்கு எண்ணிக்கையில் ராணுவத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியே 2018-இல் எழுந்திருக்காது. 2022-இல் ராணுவம் என்ன சொல்லப்போகிறது என்று நாடே காத்திருந்தது. ஒரு சட்டமும் மாறாமல், வெறும் பேச்சினால் தேர்தலுக்கு இன்னொரு நடுவர் முளைத்துவிட்டார். இதை நான் பரோசோவின் பெரிய பிழையாகப் பார்க்கிறேன். சந்தேகத்தை வளர்ப்பதே வேலையாக வைத்திருப்பவரைத் தகவல் கொடுத்துத் தணிக்க முடியாது.

இரண்டாம் வழி, எதிர்த்து நிற்பது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்சாண்ட்ரே டி மொராயஸ் தேர்தல் நீதிமன்றத்தின் தலைவரானார். பதவியேற்பு விழாவில் அவர் வாக்கு இயந்திரத்தைப் புகழ்ந்தபோது அரங்கம் கைதட்டியது, மேடையில் பொல்சனாரோ இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அதிபர் மாளிகைக்கு வெளிநாட்டுத் தூதர்களை வரவழைத்து, உங்கள் நாட்டுக்குத் தெரிவியுங்கள் என்பதுபோல, தன் நாட்டுத் தேர்தல் முறையை அவரே குறைசொல்லியிருந்தார். சொந்த வீட்டு அஸ்திவாரம் ஆடுகிறது என்று விருந்தாளிகளைக் கூட்டிவைத்துச் சொன்ன கதை.

மொராயஸ் தலைமையில் தேர்தல் நீதிமன்றம் வேறொரு பிறவி எடுத்தது. இரண்டாம் சுற்றுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அக்டோபர் 20 அன்று ஒரு விதி போட்டது. தேர்தல் பற்றிய பொய்யென்று நீதிமன்றம் முடிவு செய்த பதிவை சமூக ஊடக நிறுவனங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும், தேர்தலை ஒட்டிய நாட்களில் ஒரு மணி நேரம். அதே பொய் வேறிடத்தில் தலைகாட்டினால் யாரும் புதிதாக மனுப் போடத் தேவையில்லை, நீதிமன்றத் தலைவரே நீக்கச் சொல்லலாம். புகார்தாரர் இல்லை, வாதம் இல்லை, உத்தரவு மட்டும். வாக்கு எண்ணுகிற அமைப்பு இப்போது எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று முடிவெடுக்கிற அமைப்பாகவும் ஆனது.

அந்த நெருக்கடியில் வேறு வழி இருந்ததா? எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் சுற்று நாளன்றே நெடுஞ்சாலைக் காவல்படை, எதிர் வேட்பாளர் லூலாவுக்குச் செல்வாக்குள்ள வடகிழக்கு மாநிலங்களில் வாக்காளர்கள் போகும் பேருந்துகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது, அப்படிச் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தும். அந்தப் படையின் தலைவரைக் கூப்பிட்டு மொராயஸ் நேரடியாக எச்சரித்த பிறகே அது நின்றது. கை கட்டி உட்காரும் நடுவராக இருந்திருந்தால் அந்த நாள் எப்படி முடிந்திருக்கும் என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. ஆனாலும் கணக்கு இதுதான்: நடுவர் ஒருதலைப்பட்சமானவர் என்று நான்கு வருடம் கத்தினார்கள். கத்தலைச் சமாளிக்க நடுவர் மைதானத்துக்குள் இறங்கினார். இறங்கியதைக் காட்டி, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதான் என்றார்கள். பொய்யாகத் தொடங்கிய புகாருக்கு ஆதாரத்தை அந்தப் புகாரே உற்பத்தி செய்துகொண்டது. பேச்சு வெறும் பேச்சுதானே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த இடம்தான்.

2022 அக்டோபர் 30. வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 15.6 கோடிக்கு மேல். லூலா 50.9 சதவீதம், பொல்சனாரோ 49.1. வித்தியாசம் ஏறக்குறைய 21 லட்சம் வாக்கு. ஆரம்பத்தில் பொல்சனாரோ முன்னிலை, மூன்றில் இரண்டு பங்கு எண்ணி முடித்தபோது லூலா தாண்டினார். தெற்கு வேகமாக எண்ணும், வடகிழக்கு மெதுவாக வரும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இருந்தும் சந்தேகக் கதைக்கு மிக ஏற்ற காட்சி. 2014-லும் இப்படித்தான்.

அன்று காப்பாற்றியவற்றில் ஒன்று ஒரு சின்ன நிர்வாக முடிவு. பிரேசிலில் பல நேர மண்டலங்கள். முன்பெல்லாம் மேற்குக் கோடியில் இருக்கும் அக்ரே மாநிலத்தில் வாக்குப்பதிவு முடியும்வரை அதிபர் தேர்தல் முடிவை வெளியிடாமல் வைத்திருப்பார்கள். 2014-இல் அந்த இருட்டு நேரத்தில் என்ன நடந்ததோ என்ற கதை அங்கிருந்துதான் கிளம்பியது. 2022-இல் நாடு முழுவதற்கும் தலைநகர் நேரமே வாக்குப்பதிவு நேரம் என்று ஆக்கிவிட்டார்கள். அக்ரேக்காரர்கள் காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றார்கள். ஐந்து மணிக்கு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முடிந்தது, எண்ணிக்கை எல்லோர் கண்முன்னும் ஓடியது, இரவு எட்டு மணிக்கு முன்பே முடிவு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கீழவைத் தலைவர் ஆர்தூர் லிரா முடிவை ஏற்றுப் பேசினார். அவர் பொல்சனாரோவின் கூட்டாளி. வெளிநாட்டு வாழ்த்துகளும் அன்றிரவே வந்தன. பொல்சனாரோ சுமார் 45 மணி நேரம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் அவரைச் சுற்றி நிற்கவேண்டியவர்களில் பாதிப் பேர் நகர்ந்துவிட்டார்கள். எண்ணிக்கையின் வேகம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நீளமான எந்த உரையும் இப்படிப் புரியவைத்திருக்காது.

அப்புறம் நவம்பர். முதலில் ராணுவத்தின் அறிக்கை வந்தது. மோசடி எதையும் அது சுட்டிக்காட்டவில்லை, ஆனால் மோசடிக்கான வாய்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது என்றது. நாற்காலி போட்டு உட்காரவைத்ததற்குக் கிடைத்த பலன்.

அடுத்து பொல்சனாரோவின் கட்சி ஒரு மனு போட்டது. 2020-க்கு முந்தைய மாடல் இயந்திரங்கள் சுமார் 2.8 லட்சத்தில் பதிவேட்டுக் கோளாறு இருக்கிறது, அவற்றில் விழுந்த வாக்குகளைச் செல்லாததாக்க வேண்டும் என்று. ஆனால் இரண்டாம் சுற்றுக்கு மட்டும். முதல் சுற்றிலும் இதே இயந்திரங்கள்தானே, அதையும் சேர்த்து 24 மணி நேரத்தில் மனுவைத் திருத்துங்கள் என்றார் மொராயஸ். சிக்கல் என்னவென்றால் முதல் சுற்றன்றுதான் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தது. அதில் அந்தக் கட்சி 99 இடம் பிடித்து கீழவையின் மிகப் பெரிய கட்சியாகியிருந்தது. திருத்தவில்லை. மனு தள்ளுபடி, கெட்ட எண்ணத்தோடு வழக்குப் போட்டதற்கு 2.29 கோடி பிரேசில் ரெயால் அபராதம். அந்த ஒரு கேள்வியில் புகாரின் சாயம் முழுக்க வெளுத்தது.

ஆனால் நீதிமன்றத்தில் சாயம் வெளுத்தால் தெருவிலும் வெளுக்கும் என்றில்லை. ராணுவ முகாம்களுக்கு முன்னால் கூடாரம் போட்டு ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2023 ஜனவரி 8 அன்று கூட்டம் நாடாளுமன்றம், அதிபர் மாளிகை, உச்ச நீதிமன்றம் மூன்றுக்குள்ளும் புகுந்து நொறுக்கியது. அதற்குச் சில நாள் கழித்து முன்னாள் நீதித்துறை அமைச்சர் ஆண்டெர்சன் டோரெஸ் வீட்டில் காவல்துறை ஒரு வரைவு ஆணையைக் கண்டெடுத்தது. நெருக்கடி நிலை கொண்டுவருவதற்கான வரைவு. நாடு முழுவதற்கும் இல்லை, ஒரே ஒரு கட்டடத்துக்கு: தேர்தல் நீதிமன்றத் தலைமையகம். பேச்சு எந்த இடத்தைக் குறிவைத்து வளர்ந்தது என்பதற்கு அந்தத் தாளைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மெக்சிகோவில் இதே கதை வேறு வழியில் போனது. 2006-இல் 0.6 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்ற லோபெஸ் ஒப்ரதோர், இந்த அமைப்புகள் எல்லாம் நாசமாகப் போகட்டும் என்றார். 2018-இல், இடையில் மாற்றியமைக்கப்பட்ட தேர்தல் அமைப்பு எண்ணிய வாக்கில் 53 சதவீதம் வாங்கி அதிபரானார். பழைய கோபம் போகவில்லை. இந்த முறை கூடாரமோ கலவரமோ இல்லை, செலவுக் குறைப்பு என்ற பெயரில் தேர்தல் அமைப்பின் ஆட்களைப் பெருமளவு வெட்டும் சட்டம் 2023-இல் வந்தது. மேல்தட்டுக்காரர்களின் கொழுத்த சம்பளம் என்ற பல வருடப் பேச்சு அதற்குத் தரையைப் பதப்படுத்தி வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அமெரிக்காவில் தேர்தல் நடத்துவது மாநிலங்களும் மாவட்டங்களும் என்பதால் அழுத்தம் தனி மனிதர்கள் மேல் விழுந்தது. ஜார்ஜியாவின் தேர்தல் பொறுப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு 11,780 வாக்கைக் கண்டுபிடிக்கச் சொன்னார் டிரம்ப். ஒவ்வொரு நாட்டிலும் அமைப்பு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே போய்க் குத்துகிறது பேச்சு. பிரேசிலில் எல்லா அதிகாரமும் ஒரே நீதிமன்றத்தில் குவிந்திருந்ததால் குத்தும் அங்கே, தாங்கியதும் அங்கே.

விவிபாட் இருந்திருந்தால் பிரேசிலில் இது நடந்திருக்காதே என்று கேட்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்தேன். நம்மிடம் விவிபாட் இருக்கிறது. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிச் சீட்டை எண்ணிச் சரிபார்க்கிறார்கள், நூறு சதவீதமும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை, சந்தேகமும் தீரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்கவேண்டும். இங்கே பெரும்பாலும் தோற்ற கட்சி, எதிர்க்கட்சியாக உட்கார்ந்துகொண்டு கேட்கிறது. எதிர்க்கட்சி நடுவரைக் கேள்வி கேட்பது அதன் வேலை, அதற்கு நடுவர் பதில் சொல்வது அவர் கடமை. அங்கே கேட்டவர் ராணுவத்தையும் காவல்படையையும் கையில் வைத்திருந்த அதிபர், அதுவும் தேர்தலுக்கு முன்பே. அதே வாக்கியம்தான், சொல்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது கோரிக்கையாகவும் இருக்கும், மிரட்டலாகவும் இருக்கும். சீட்டு அமெரிக்காவில் பல மாநிலங்களில் இருந்தது, ஜார்ஜியாவில் கையாலேயே திரும்ப எண்ணியும் பார்த்தார்கள். அப்புறமும்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

பிறகு நடந்தது தெரிந்ததே. தூதர்களைக் கூட்டிய அந்தக் கூட்டத்துக்காகத் தேர்தல் நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் பொல்சனாரோ 2030 வரை போட்டியிடத் தடை விதித்தது. 2025 செப்டம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு நான்குக்கு ஒன்று என்று 27 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. அந்த அமர்வில் மொராயஸும் ஒருவர். சதியின் இலக்குகளில் ஒருவர் என்று சொல்லப்பட்டவரே வழக்கை நடத்திய நீதிபதியாகவும் இருந்தார். சட்டப்படி அது சரி என்று வாதிடலாம், வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் நாட்டில் பாதிப் பேர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பது சட்டக் கேள்வி அல்ல.

இதற்கு நடுவே 2024 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதே வகை இயந்திரங்கள், அதே பூஜ்யச் சீட்டு. பொல்சனாரோ கட்சி நூற்றுக்கணக்கான நகரங்களில் மேயர் பதவியைப் பிடித்தது, பெரிய முணுமுணுப்பு எதுவும் இல்லை.

தேர்தல் நீதிமன்றத்தின் தலைமை சுழற்சியில் மாறும். 2026 அக்டோபர் அதிபர் தேர்தலின்போது அந்த நாற்காலிக்கு முறைப்படி வரவேண்டியவர் காஸியோ நுனெஸ் மார்கெஸ். 2020-இல் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தவர் பொல்சனாரோ. 2023-இல் அந்த ஐந்துக்கு இரண்டு தீர்ப்பில் தடை வேண்டாம் என்று சொன்ன இருவரில் ஒருவரும் அவர்தான். இத்தனை வருடம் நடுவரை நம்புங்கள் என்று சொல்லிவந்த தரப்பு அன்று இரவு எண்ணிக்கை நெருக்கமாக வந்தால் எந்த மொழியில் பேசும் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.